பெட்டகச் சாவி உடையோருக்கு ஒரு மடல்

உத்திரமேரூர்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி முதலிய ஊர்களிலே முன்னோர் கட்டிய வீட்டில் ஒரு பங்கும், அந்த வீட்டின் அறையொன்றின் சாவியும் உடையவர்களாய், இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமாகப் பரந்து வாழ்கின்ற நகரத்தார் குடும்பத்துப் பெரியோர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் உங்கள் மரபில் பிறந்தவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் உள்ள கல்வெட்டுக்களை வருவோர் போவோருக்குப் படித்துக் காட்டுவதையே காலைப் பொழுதின் நியமமாக வைத்துக்கொண்டிருக்கிறவன். உங்களுக்கு எழுத எனக்கு என்ன பாத்தியதை என்று நீங்கள் கேட்பது நியாயமே. உங்கள் குலவரலாறு, நாகநாட்டுச் சாந்தியாபுரியிலிருந்து புறப்பட்ட உங்கள் முன்னோர் முதலில் வந்து குடியேறியது தொண்டைமண்டலத்துக் காஞ்சிமாநகரில் என்றும், அங்கிருந்தே காவிரிப்பூம்பட்டினத்துக்கும், பின்னர்ப் பாண்டிநாட்டுக்கும் பெயர்ந்தார்கள் என்றும் கூறுகிறது. ஆண்டுக் கணக்கைச் சரித்திரக்காரர் ஒப்புவரோ மாட்டாரோ, ஒரு குலம் தன்னைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் பேரில், எங்கள் சீமையை விட்டுப் போன பழங்குடிகளுக்கு எங்கள் சீமைக்காரன் ஒருவன் எழுதும் கடிதம் இது என்று கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற தை மாதத்திலே, பழைய மாணவர் ஒருவர் வீட்டுக் கலியாணத்தின் பொருட்டுக் காரைக்குடிக்குப் போயிருந்தேன். மறுநாள் பஸ்ஸுக்கு நேரம் இருந்தமையால் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நடந்தேன். பழஞ்சாமான் கடைகள் நிறைந்த தெரு அது என்பது நீங்கள் அறிந்தது. சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாகியாவிலிருந்தும் கப்பலேறி வந்த மங்குச் சாமான்கள், நீலம் ஒரு குவியல், பச்சை ஒரு குவியல், வெள்ளை ஒரு குவியல் என்று நிறம்பிரித்துக் கொட்டிக் கிடந்தன; சிவப்பு மசி இன்னும் மங்காத மர அஞ்சறைப் பெட்டிகளும், சோழி கிடந்த பல்லாங்குழிகளும், பட்டுத்துணியும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்து அலங்கரிக்கப்பட்ட ரவிவர்மாப் படங்களும், ரேக்கு உரிந்த தஞ்சாவூர்க் கிருஷ்ணனும் அடுக்கடுக்காய் நின்றன; ஓர் ஆள் உயரத்துக்கு மேலே கஜலட்சுமியும், அவளுக்கு இருபுறமும் யாளியும் கிளியும் கொடியுமாகச் செதுக்கிய நிலைப்படியொன்று, மூன்று துண்டாக அறுக்கப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தது. இவற்றை எல்லாம் கண்டும் என் மனம் பெரிதாகக் கலங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். பொருள் கைமாறுவது உலக வழக்கம். மனம் கலங்கியது, ஒரு மூலையில் தரையிலே வைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தபோதுதான். கழுத்தில் கழுத்துருவும் காதில் வைரத்தோடும் அணிந்த ஆச்சி ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, பக்கத்தில் தலைமுண்டாசும் திருநீறுமாகச் செட்டியார் நிற்க, முன்னே ஐந்து குழந்தைகள் வரிசையாக நிற்கின்ற படம். விலை கேட்டேன், கடைக்காரர் சொன்ன விலை சட்டத்துக்கு. படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, அவர்மேல் குற்றமும் இல்லை.

அந்தக் கடையிலிருந்து நான் எடுத்து வந்தது ஒரு பித்தளைக் குடம். அதன் கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய எழுத்து இருந்தது. உங்கள் குடும்பங்கள் பாத்திரத்தில் விலாசம் வெட்டிவைக்கும் வழக்கம் உடையவை அல்லவா? தாத்தா பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்துமாகச் சேர்ந்த அந்த விலாசத்தைக் கொண்டே, ரங்கூனில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும், இன்னார் இன்ன ஊர், இன்ன கோயில் என்று சொல்லிவிடலாமாம். கல்லில் எழுத்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அந்த விலாசத்தைக் கண்டபோது, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தைப் படிக்கும்போது உண்டாகும் அதே பரபரப்பு உண்டாயிற்று. குடத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்போது உங்களைச் சற்றுத் தொலைவுக்கு, மாஸ்கோ நகரத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கேயும் உங்களைப் போன்ற வணிகக் குடிகள் இருந்தன. பிரபுக்கள் அல்லாதவர்கள், பாட்டன் காலத்தில் மூட்டை சுமந்து சந்தையில் துணி விற்றவர்கள், பழைய மதாசாரத்தை விடாப்பிடியாகக் காத்து, வீட்டு மூலையில் விளக்கேற்றி, மரப்பலகையில் எழுதிய தெய்வத் திருவுருவங்களைத் தலைமுறையாகப் பூசித்தவர்கள் அவர்களில் பலர். நெசவாலைகளால் ஐசுவரியம் பெருகிய பின்னர் அவர்கள் ஓவியம் சேர்க்கத் தொடங்கினார்கள். பாவெல் திரெத்தியாகோவ் என்பவர் 1856இல் ரஷ்ய ஓவியர்களின் படங்களை வாங்கத் தொடங்கி, 1860இல், முப்பது வயதும் நிறையாத பருவத்தில், தம் தேசத்துக்கு ஓர் ஓவியச்சாலை அமைப்பதற்கென்று 1,50,000 வெள்ளி ரூபிளை ஒதுக்கி உயில் எழுதிவைத்தார். இளமையிலேயே உயில் எழுதிய மனிதர், உயில் அமலாகும் வரை காத்திருக்கவுமில்லை. 1892இல் தம் வீட்டோடு சேர்ந்த கட்டடத்தையும், 1,200க்கு மேற்பட்ட ஓவியங்களையும், காலஞ்சென்ற தம்பி செர்கேயின் சேகரத்தையும் மாஸ்கோ நகரசபைக்குத் தத்தம் செய்துவிட்டு, 1898இல் தாம் இறக்கும்வரை அந்தச் சாலையின் காவலராகத் தாமே இருந்து பரிபாலித்தார். லவ்ருஷின்ஸ்கி சந்தில் இருக்கும் அந்தச் சாலைக்கு இன்றும் அந்தச் சகோதரர்களின் குலப்பெயரே வழங்குகிறது.

இன்னொருவர் செர்கேய் ஷூகின். இவரும் துணி வியாபாரியே. மாஸ்கோவாசிகள் பரிகசித்துக்கொண்டிருந்த காலத்தில், பாரிஸிலிருந்து மத்தீஸ், பிக்காஸோ, கோகேன் ஆகியோரின் புதுமை ஓவியங்களைத் துணிந்து வாங்கியவர். தம் மாளிகையின் மாடிப்படிக்கென்றே நடனம், இசை என்னும் இரண்டு பெரும் படங்களை மத்தீஸிடம் சொல்லி எழுதச் செய்து 1910இல் வரவழைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாளிகைக் கதவைத் திறந்து, வந்தவர்களுக்குத் தாமே படங்களை விளக்கிக் காட்டியவர். 1918இல் புரட்சி அரசாங்கம் அந்தச் சேகரத்தை அரசுடைமையாக்கியது. ஷூகின் பாரிஸுக்குப் போய், 1936இல் அங்கேயே காலமானார். இவான் மொரோசோவ் என்ற மற்றொரு நெசவாலை அதிபரின் கதை இன்னும் உருக்கமானது: அரசாங்கம் எடுத்துக்கொண்ட தம் சொந்த வீட்டிலேயே, தம் சொந்தச் சேகரத்துக்கே உதவிக் காப்பாளராக நியமிக்கப்பட்டு, சில மாதம் அந்த உத்தியோகத்தைப் பார்த்துவிட்டு, 1919இல் நாட்டை விட்டு வெளியேறி, 1921இல் மாண்டார். அவ்விரு சேகரங்களும் சேர்ந்து உருவான காட்சிச்சாலை 1948இல் கலைக்கப்பட்டு, படங்கள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டு, மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் உள்ள வேறிரண்டு காட்சிச்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆக, ஒருவர் தாமே கொடுத்தார். மற்ற இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டது. எப்படியாயினும் படங்கள் சிதறிக் காணாமற்போகவில்லை. இன்று போய்ப் பார்க்கலாம். இது திரெத்தியாகோவ் வாங்கியது, இது ஷூகின் வாங்கியது என்று பக்கத்தில் எழுதியும் இருக்கிறது. கொடுக்கப்படாமலும் பறிக்கப்படாமலும், துண்டு துண்டாக, பெயர் தெரியாமல், எடைக்கும் சட்டத்துக்கும் விலையாகின்ற மூன்றாவது கதி ஒன்று உண்டென்பதை நான் காரைக்குடியிலேதான் கண்டேன்.

உங்கள் முன்னோர் கலைச்சேகரக்காரர்கள் அல்லர், வீட்டுச் சாமான் வாங்கினவர்கள்தாமே என்று சிலர் என்னிடம் சொன்னதுண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. 'சேகரம்' என்ற சொல் அவர்கள் வாயில் வழங்கவில்லை. 'சாமான்' என்றே சொன்னார்கள். ஆயினும், கடல் கடந்து கொண்டுவிக்கப் போன செட்டியார் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடியும், பர்மிங்காமிலிருந்து வார்ப்பிரும்புத் தூணும், ஜப்பானிலிருந்து பூவோடும் தருவித்தபோது, அவற்றை அப்படியே கொண்டுவந்து கொட்டிவிடவில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல் நேராகத் தொடர்கின்ற தமிழ் வீட்டின் அமைப்புக்குள்ளே ஒவ்வொன்றுக்கும் இடம் கண்டார். நம் தச்சரும் கொத்தரும் ஆத்தங்குடிக் கல் வார்ப்போரும் முட்டை வெள்ளைக்கருச் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துச் சுவர் மெருகேற்றுவோரும் உலகத்துப் பொருள்களோடு தம் கைவேலையைப் பொருத்தினார்கள். தேர்ந்தெடுப்பதும் இடமறிந்து வைப்பதுமே சேகரக்காரனின் வேலை என்றால், இவர்கள் சேகரக்காரர்களே.

அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். மாஸ்கோவிலே சேர்த்தவர்கள் ஆண்கள். செட்டிநாட்டிலே சேர்த்தவர்கள் பெரும்பாலும் ஆச்சிமார். பெண் பிறந்த நாள் முதலாகச் சீருக்கென்று ஒவ்வொன்றாக வாங்கி, வெள்ளியும் பித்தளையும் மங்கும் மரமும் கண்ணாடியும் என்று வகைபிரித்து, டஜன் கணக்கில் அடுக்கி, கலியாணத்தன்று வளவெல்லாம் பரப்பிவைத்து ஊரார் பார்வைக்குக் காட்டி, எழுதியெடுத்து, பின் பெட்டகத்தில் பூட்டித் தம் மகளுக்கென்று காத்த அந்தப் பெண்கள், மியூசியம் என்ற சொல்லை அறியாமலே மியூசியத்தின் காரியம் முழுவதையும் செய்திருக்கிறார்கள். பனையோலைக் கொட்டான் முடைந்து, அதன் மேல் மணியும் நூலும் கொண்டு அலங்காரம் தைத்தவர்களும் அவர்களே. அந்தக் கொட்டான் கலை மறைந்துபோகும் தறுவாயில் இருந்தபோது, உங்கள் சமூகத்தாரே நிறுவிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறநிலையம் முதிய ஆச்சிமாரிடம் கேட்டறிந்து மறுபடியும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்து மீட்டெடுத்தது. மனம் வைத்தால் உங்களால் முடியும் என்பதற்கு அதையே நான் முதலாவதாகக் காட்டுவேன்.

நீங்கள் இழந்ததையும் நான் மறக்கவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்து, உங்கள் முன்னோர் அங்கே கொடுத்திருந்த கடன்கள் திரும்பாமற்போக, 1937ஆம் ஆண்டளவில் 25 பங்கு அளவுக்கு உயர்ந்தது. கேட்டு வாங்கிய நிலம் அன்று அது. பணமாக வரவேண்டியது மண்ணாக வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சலையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பேரேடுகளையும் கிட்டங்கிகளையும் விட்டுவிட்டுக் கப்பலிலும் கால்நடையிலுமாக உயிர் தப்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். சுதந்திர பர்மா 1948இல் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. மாஸ்கோவில் ஷூகின் மொரோசோவ் சேகரம் இரு கூறான அதே ஆண்டு. ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள், நெல் விற்ற பணத்தால் கட்டிய மாளிகைக்குள்ளே, நெல் வாங்கப் பணமின்றி வெள்ளிப் பாத்திரத்தை ஒன்றொன்றாக எடுத்து விற்று உயிர் வாழ்ந்ததும் உண்டென்று கேட்டிருக்கிறேன். அப்படி விற்றவர்களை நோக்கி ஒரு குறைச்சொல்லும் என் எழுதுகோலிலிருந்து வராது. இன்று பசிக்காக விற்போர் சிலரே. பூட்டைத் திறக்க நேரமில்லாமையாலும், பங்காளிகளுக்குள் இசைவில்லாமையாலும், இருப்பது இன்னதென்று அறியாமையாலும் விற்போரே பலர். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மனத்தில் உள்ளதைச் சொல்வதென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பெருமையின் சிகரம் திருப்பணி. தொழிலில் வந்த ஒவ்வொரு ரூபாயிலும் மகமை எடுத்து, கடைப் பேரேட்டில் சுவாமி பெயருக்கே கணக்கு வைத்து, அதற்கு வட்டியும் சேர்த்து, சிதம்பரம் முதல் திருவண்ணாமலை வரை பாடல்பெற்ற தலங்களைப் புதுக்கினீர்கள். எங்கள் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலும் உங்கள் கைங்கரியம் பெற்றதே. உங்கள் முன்னோர் கைவைத்திராவிட்டால் இடிந்தே போயிருக்கும் கோபுரங்கள் பல என்பதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனாலும், பழைய கட்டடத்தைப் பெயர்த்துவிட்டு முழுதும் புதிதாகக் கருங்கல்லால் கட்டிய சில இடங்களில், சோழர் காலத்து எழுத்துள்ள கற்கள் படியெடுக்கப்படாமலே கலைந்தும் புரண்டும் போயின என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர் வருந்தி எழுதியதும் உண்மை. கல்வெட்டின் நிழலிலேயே காலம் கழிக்கும் எனக்கு அந்த வருத்தம் ஆறாதது. புதியது செய்வதில் இருந்த பேரார்வம் பழையதை எழுதிவைப்பதில் இருந்திருக்குமானால் தமிழ்நாட்டுச் சரித்திரத்துக்கு இன்னும் எத்தனை பக்கங்கள் கிடைத்திருக்கும்! கோயிலில் நேர்ந்தது வீட்டிலும் நேராமல் இருக்கட்டும் என்பதே என் பிரார்த்தனை.

எழுதிவைப்பதிலும் சேர்த்துவைப்பதிலும் ஈடில்லாத ஒருவர் உங்களுக்குள்ளேயே பிறந்திருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைச் சொல்கிறேன். பெரிய தனவந்தர் அல்லர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். 'ரோஜா' என்பதும் அந்தத் தொழிலோடு வந்து ஒட்டிய பெயர். மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளிலே தொடங்கிய அவருடைய ஆசை, வாழ்நாள் முழுதும் வளர்ந்து, புத்தகமும் பத்திரிகையுமாகச் சுமார் 1,00,000 உருப்படிகளாகக் கோட்டையூர் வீட்டை நிறைத்தது. எல்லாரும் போற்றும் இலக்கியங்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. எல்லாரும் எறிகின்ற நாடக நோட்டீசு, கலியாண அழைப்பிதழ், குஜிலிப் பாட்டுப் புத்தகம், கடிதம் ஆகியவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அதை வாங்கியது. ஆனாலும் கடல் கடத்திக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வரி எழுத நினைப்பவரும் தரமணிக்குப் போய் அந்த நூலகத்தின் படியேறாமல் இருக்க முடியாது. பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்தபோது நானும் ஒருமுறை அங்கே போய், எங்கள் ஜில்லாவைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துக் கொண்டிருந்த நாள் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கோட்டையூரில் ஒருவர் குப்பையிலிருந்து காத்த தாள், உத்திரமேரூரில் ஒருவனின் கேள்விக்கு விடையாயிற்று. திரெத்தியாகோவுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லத் தகுந்த பெயர் நமக்கு வேண்டுமானால், பலகை எழுதிய அந்தச் செட்டியாரின் பெயரை நான் தயங்காமல் சொல்வேன்.

அவர் தாளைக் காத்தார். வீட்டையும் வீட்டுப் பொருளையும் காப்பது அதனினும் கடினம். அந்தக் கடினம் எங்கே இருக்கிறதென்றும் நான் கேட்டறிந்தேன். வீடு ஒருவருடையது அன்று. மூன்று தலைமுறையில் பங்கு பிரிந்து பிரிந்து, ஒரு வீட்டுக்கு முப்பது புள்ளி, ஐம்பது புள்ளி என்று, அதாவது அத்தனை தனிக் குடும்பமென்று, ஆகிவிடுகிறது. வளவைச் சுற்றியுள்ள அறை ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. சாவி ஒன்று சென்னையில், ஒன்று கோலாலம்பூரில். முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. ஓடு மாற்ற ஒருவர் பணம் கொடுப்பார், மற்றொருவர் கொடார். ஒழுகும் மழைநீர் யாருடைய பங்கு என்று பார்த்து ஒழுகுவதில்லை. முடிவில், எல்லாரும் இசைகின்ற ஒரே தீர்மானம், தேக்குத் தூணைக் கணக்கிட்டு விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதாக அமைந்துவிடுகிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், இப்படிப் பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடொன்றின் தூண்களும் நிலைகளும் மறுபடி பூட்டப்பட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது பெரும்பாக்கியம். எல்லா வீட்டுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டாது. உங்கள் ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலும் ஓட்டை மாற்றிப் போடாது.

இவ்விடத்தில்தான் எங்கள் ஊர்க் கல் உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். முதற்பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சபையார் பொதுக் காரியத்தை நடத்தும் முறையைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரமாக, பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் இட்டு, சபையார் எல்லாரும் பார்த்திருக்க, ஒன்றும் அறியாத சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று 360 நாள் காரியம் பார்ப்பார்கள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலைக்கு அருகர் அல்லர். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே உரியதாயிருந்த சபை அது. அந்தக் குறையை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் எடுத்துக்கொள்வது, பலருக்கும் பொதுவான ஒரு பொருளை ஒருவர்மேல் ஒருவர் ஐயுறாமல் காப்பதற்கு அவர்கள் கண்ட ஏற்பாட்டை மட்டுமே.

இந்த ஏற்பாடு உங்களுக்குப் புதிதும் அன்று. நாட்டரசன்கோட்டையில் பொங்கல் கழித்து வரும் முதற் செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி சந்நிதியில் நீங்கள் எல்லாரும் கூடிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறீர்கள் அல்லவா? முதற்பானை எந்தப் புள்ளிக்கு என்பதை, பெயர்களைச் சீட்டில் எழுதி வெள்ளிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்துத்தானே தீர்மானிக்கிறீர்கள்? இதை முதன்முதல் கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்! எங்கள் ஊரில் கல்லில் எழுத்தாக மட்டும் நிற்பது உங்கள் ஊரில் இன்னும் கையில் வழங்குகிறது. காசியிலே நகரச் சத்திரத்தை நடத்தி, விசுவநாதருக்கு நாள் தவறாமல் பூசைப் பொருள்கள் கொண்ட சம்போ எடுத்துச் செல்கிறவர்கள் நீங்கள். ஒன்பது நகரக் கோயில்களையும் முறைவைத்துப் பரிபாலிக்கிறவர்கள் நீங்கள். ஐம்பது புள்ளிக்குப் பொதுவான ஒரு வீட்டைக் காக்க உங்களுக்கு வழி தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். எல்லா வீட்டையும் காக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டே கேட்கிறேன். உங்கள் ஊர்கள் 70க்கு மேற்பட்டவை. ஊருக்கு ஒரு வீடு, பங்காளிகள் மனம் ஒத்து, விற்பதில்லை என்று தீர்மானித்து, ஊர்ப் பொது வீடாக விடட்டும். அதற்கு ஆண்டுக்கொரு வாரியம், சீட்டெடுத்து அமையட்டும். கணக்கு எல்லார் முன்னும் படிக்கப்படட்டும். விற்றே தீரவேண்டிய வீட்டிலிருந்து, விற்பதற்கு முன்னே, ஒரு நல்ல நிலைப்படியும், ஒரு சீர்வரிசை முழுவதும், குடும்பப் படங்களும் அந்தப் பொது வீட்டுக்கு வந்து சேரட்டும். வாரத்தில் ஒரு நாளாவது, ஷூகின் ஞாயிற்றுக்கிழமை திறந்ததுபோல, அதன் கதவு ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கட்டும். அந்த மாளிகைகளுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மரம் செதுக்கினவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில் பிறந்து, அந்த வாசலுக்குள் ஒருமுறையும் கால் வைக்காமலே வளர்கிறார்கள். அவர்களுக்கும் அதைப் பார்க்க உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. இந்த ஆண்டு எந்தக் காரணத்துக்காகவேனும் ஊருக்குப் போகிறவர்கள், தத்தம் அறையைத் திறந்து, இருப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பொருள், அளவு, எந்த ஆச்சியின் சீரில் வந்தது, விலாசம் என்ன, யார் சொல்லக் கேட்டது என்று எழுதினால் போதும். படத்தின் பின்புறத்தில், அதில் இருப்பவர் பெயரைப் பென்சிலால் குறித்துவையுங்கள். அப்பத்தா இருக்கும்போதே, அவர் கண்ணுக்குத் தெரியும்போதே குறியுங்கள். முறைச்சிட்டை, கலியாணப் பதிவான இசைகுடிமானம், கடைப் பேரேடு, ரங்கூன் கடிதம் ஆகியவற்றைக் கட்டாகக் கட்டிக் கறையான் எட்டாத இடத்தில் வைத்து, நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேரேடு எழுதுவதில் உலகத்துக்கே பாடம் சொன்ன குலம் உங்களுடையது. ஓர் அணா பிசகாமல் ரங்கூன், சைகோன் வரவு செலவை எழுதிய கைகளின் வழித்தோன்றல்கள், தம் வீட்டுப் பெட்டகத்துக்கு ஒரு கணக்கு எழுத முடியாதா?

துணைக்கு ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். பாத்திரத்து விலாசத்தைத் தேய்ந்த நிலையிலும் படிக்க என் கண் இன்னும் உதவும். கல்வெட்டுப் படிக்கப் பழகிய எங்கள் ஊர் இளைஞர் நால்வரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம்.

இனி அந்தக் குடம். வீட்டுக்குக் கொண்டுவந்து புளியிட்டுத் துலக்கியபோது விலாசம் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. அதை இங்கே அச்சில் ஏற்றவில்லை. உரியவர் பிறர் முன் கூச நேரிடலாம். தம் வீட்டுப் பித்தளைக் குடமொன்று கைமாறிப் போயிற்று என்று நினைவுள்ள குடும்பத்தார் வந்து தம் விலாசத்தைச் சொன்னால், வாங்கிய விலையும் கேளாமல் கொடுத்துவிடுகிறேன். ஒருவரும் வராமற்போனால், உங்களில் முதன்முதலாக எந்த ஊர் தன் பொது வீட்டுக்கு வாரியம் அமைக்கத் துணிகிறதோ, அந்த ஊருக்கு அதை நானே எடுத்துக்கொண்டு வருவேன். சீட்டுப் போடுவதற்கு அளவான வாய் உள்ள குடம் அது.

இப்படிக்கு,
உங்கள் பழைய சீமையிலிருந்து,
ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன் ஒருவன்